செல்லுமா, செல்லாதா? – வணிகத்தில் 'ஸிஹ்ஹத்' எனும் உரைகல்லின் வரலாறு



அழுக்கேறிய ரூபாய்த்தாளைக் கையில் வாங்கும் கடைக்காரர், "இது செல்லுமா?" என்று கேட்கிறார். சாட்சிகளில் குறை நேர்ந்த திருமணத்தைப் பற்றி, "இந்த நிக்காஹ் செல்லுமா?" என்று ஆலிமிடம் கேட்கிறோம். ஒழுவில் ஓர் உறுப்பு நனையாமல் போய்விட்டால், "தொழுகை கூடுமா?" என்கிறோம். பணம், ஒப்பந்தம், வணக்கம் ஆகிய மூன்றுக்கும் நம் தமிழ் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் வைத்திருக்கிறது. மார்க்கச் சட்ட நூல்களும் இவ்விடத்தில் ஒரே சொல்லைத்தான் ஆள்கின்றன. அச்சொல் 'ஸிஹ்ஹத்'. அப்பண்பைப் பெற்றது 'ஸஹீஹ்' எனப்படும்.

ஸிஹ்ஹத் என்பதன் முதற்பொருள் உடல்நலம். நோயில்லாத உடலைக் குறித்த சொல்லே, பின்னர் நோயில்லாத ஒப்பந்தத்தையும் நோயில்லாத நபிமொழி அறிவிப்பையும் குறிக்கலாயிற்று. இந்தச் சொல்லாட்சியை நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். முகம் பொலிவாக இருக்கும் மனிதருக்கும் உள்ளே நோய் இருக்கலாம். ஆகவே, ஒன்று 'ஸஹீஹ்' என்று சொல்ல வேண்டுமானால் அதன் தோற்றத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே சோதித்தாக வேண்டும். எதைக் கொண்டு சோதிக்கிறோமோ அந்தக் கருவியும் நோயற்றதாக இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 2019 ஜூன் மாதத்தில் பெங்களூரில் நடந்ததை நம் சமுதாயம் மறந்துவிடவில்லை. 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பல்லாண்டுகள் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் அம்மாதத்தில் சரிந்தது. அதன் தலைவர் நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த மாதமே கைது செய்யப்பட்டார். பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு, பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு, அதற்குள் சிக்கிக்கொண்டது. பணம் போட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். மாதந்தோறும் பணம் தவறாமல் வருகிறதா என்று பார்த்தார்கள்; வந்தது. நடத்துபவர் தீனுடைய தோற்றம் உடையவரா என்று பார்த்தார்கள், உடையவராக இருந்தார். வட்டி என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. மூன்று சோதனைகளிலும் அந்நிறுவனம் தேறியது. கோளாறு சோதனைகளிலேயே இருந்தது. அவை அளக்க வேண்டியதை அளக்கவில்லை.

நம் முன்னோர்களின் வரலாற்றில் இதற்குரிய பாடங்கள் நிறையவே உள்ளன. அவற்றுள் சிலவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

மதீனாவின் சந்தை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரார் அளவையில் மிக மோசமாக நடந்துகொண்டிருந்தனர் என்றும், அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயமாகிய 'அல்முதஃப்ஃபிஃபீன்' அருளப்பட்டபின் அவர்கள் திருந்தினர் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படுகிறது. அந்த அத்தியாயம் கண்டிக்கும் மனிதர்கள் அளவையே இல்லாதவர்கள் அல்லர். அவர்களிடம் அளவை இருந்தது. வாங்கும்போது ஒன்றும் கொடுக்கும்போது ஒன்றுமாக அதை அவர்கள் மாற்றிப் பயன்படுத்தினார்கள். குற்றம் அங்கேதான்.

நபி (ஸல்) அவர்கள் மற்றொரு நெறியையும் வகுத்துத் தந்தார்கள். எடைக்கு மக்காவாசிகளின் எடையும், முகத்தலளவைக்கு மதீனாவாசிகளின் அளவும் அளவுகோலாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது அது. மக்காவாசிகள் வணிகர்கள், பொன்னையும் வெள்ளியையும் நிறுத்துப் பழகியவர்கள். மதீனாவாசிகள் பேரீச்சையும் கோதுமையும் விளைவித்தவர்கள். 'ஸாஉ', 'முத்து' எனும் படிகளால் அளந்து பழகியவர்கள். எந்தப் பொருளில் எவருக்குப் பழக்கமும் தேர்ச்சியும் உண்டோ, அந்தப் பொருளில் அவருடைய அளவையே அடிப்படை. மதிப்பீட்டின் முதற்பாடம் இதுவே.

அடுத்த பாடம் ஒரு தானியக் குவியலிலிருந்து கிடைக்கிறது. சந்தையில் ஒரு குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் தம் கையை அதற்குள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி. இந்நிகழ்ச்சியை நேர்மைக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. இதில் மதிப்பிடும் முறையும் அடங்கியுள்ளது. குவியலின் மேற்பரப்பு பொய்யானது அன்று. அங்கே இருந்தது உண்மையான உலர்ந்த தானியம்தான். ஆனால் மேற்பரப்பு, குவியல் முழுவதற்கும் சாட்சி சொல்லத் தகுதியற்றதாக இருந்தது. விற்பவர் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் அது மதிப்பீடு ஆகாது. கை உள்ளே போக வேண்டும்.

உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகள்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்னிலையில் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். "உம்மை எனக்குத் தெரியாது, உம்மைத் தெரிந்த ஒருவரை அழைத்து வாரும்" என்ற கருத்தில் உமர் (ரலி) கூறினார்கள். அங்கிருந்த ஒருவர் தமக்கு அவரைத் தெரியும் என்றும், அவர் நல்லவர் என்றும் சொன்னார். அவரிடம் உமர் (ரலி) மூன்று கேள்விகள் கேட்டார்கள் எனப் பைஹகீ போன்றோரின் நூல்களில் பதிவாகியுள்ளது. அவருடைய இரவையும் பகலையும் அறியும் பக்கத்து வீட்டுக்காரரா நீர்? இல்லை. பேணுதல் வெளிப்படும் திர்ஹம், தீனார் கொடுக்கல் வாங்கலை அவரோடு செய்திருக்கிறீரா? இல்லை. குணம் வெளிப்படும் பயணத்தில் அவரோடு சென்றிருக்கிறீரா? இல்லை. அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று தீர்ப்பளித்தார்கள். இதே செய்தியின் வேறோர் அறிவிப்பில், பள்ளிவாசலில் அவர் தலையைத் தாழ்த்தி உயர்த்துவதைப் பார்த்திருப்பீர் போலும் என்று கேட்டதாகவும் வருகிறது.

இங்கே உமர் (ரலி) அவர்கள் தொழுகையைத் தாழ்த்திப் பேசவில்லை. தொழுகையை அவர்கள் எந்த அளவு மதித்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு மனிதர் பணத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அறிய, அவர் பள்ளிவாசலில் நிற்கும் நிலை போதிய சாட்சி ஆகாது. பணத்தில் அவரைச் சோதிக்கப் பணத்தில்தான் பழகிப் பார்க்க வேண்டும். வேறொன்றைப் பார்த்துவிட்டு இதற்குச் சான்றிதழ் கொடுத்தால், அந்தச் சான்றிதழ் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டதாயினும் செல்லாது. பெங்களூரில் ஏமாந்த குடும்பங்கள் இக்கேள்விகளில் இரண்டாவதை மட்டும் நிறுவனத்தின் கணக்கேடுகளை நோக்கிக் கேட்டிருந்தால் போதுமே என்று நமக்குத் தோன்றுகிறது.

நாணயமும் கண்ணாடி எடைக்கற்களும்

தொடக்கக்கால முஸ்லிம்கள் தமக்கென்று நாணயம் அச்சிடவில்லை. ரோமானியப் பேரரசின் பொற்காசுகளும் பாரசீகத்தின் வெள்ளிக்காசுகளும் சந்தையில் புழங்கின. அவற்றுள் தேய்ந்தவையும் இருந்தன, ஓரம் வெட்டப்பட்டவையும் இருந்தன. எண்ணிக் கொடுத்தால் ஒரு கணக்கு, நிறுத்துக் கொடுத்தால் மற்றொரு கணக்கு. ஜகாத் கடமையாகும் அளவு இருபது மிஸ்கால் பொன் அல்லது இருநூறு திர்ஹம் வெள்ளி என்றிருக்க, எந்தத் திர்ஹம் என்ற கேள்வி வெறும் வணிகக் கேள்வியாக நிற்கவில்லை. வணக்கத்தின் கேள்வியாகவும் ஆயிற்று.

உமையா கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், உருவப்படம் இல்லாமல் எழுத்துகள் மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். அதையடுத்து ஏறத்தாழ 2.97 கிராம் எடையுள்ள திர்ஹமும் வந்தது. பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்ற விகிதம் நிலைபெற்றது. இன்று நம் ஆலிம்கள் பலர் ஜகாத்திற்கு 85 கிராம் பொன், 595 கிராம் வெள்ளி என்று சொல்லும் கணக்கு இந்த எடைகளிலிருந்துதான் பிறக்கிறது.

நாணயம் சரியா என்று பார்க்க எடைக்கல் வேண்டும். எடைக்கல் சரியா என்று பார்க்க என்ன செய்வது? எகிப்தில் இதற்குக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநரின் அல்லது அதிகாரியின் பெயர் பொறித்த சிறு கண்ணாடி வட்டுகள் நாணயத்தை நிறுக்கும் எடைக்கற்களாயின. உலகின் பல அருங்காட்சியகங்களில் அவற்றை இன்றும் காணலாம். உலோகம் துருவேறும், அரத்தால் தேய்த்துக் குறைத்தாலும் எளிதில் தெரியாது. கண்ணாடி அவ்வளவாக மாறாது. சுரண்டினாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொறுப்பேற்றவரின் பெயரோ அதன் மேலேயே இருக்கிறது. அளப்பதற்கான கருவியில் யாரும் கைவைக்க முடியாமல் இருப்பதும், வைத்தால் அது வெளிப்பட்டுவிடுவதும், அதற்கு ஒருவர் தம் பெயரால் பொறுப்பேற்பதும் ஆகிய மூன்றும் அந்தச் சிறு வட்டில் ஒன்றுசேர்ந்திருந்தன.

முஹ்தஸிப் எனும் சோதனையாளர்

சந்தையைக் கண்காணிக்கும் பொறுப்பு காலப்போக்கில் 'ஹிஸ்பா' எனும் துறையாக வளர்ந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப். ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எடைக்கற்கள் இரும்பால் இருக்க வேண்டும் என்கிறார். கல்லால் ஆனவை ஒன்றோடொன்று மோதிச் சில்லு பெயர்ந்து எடை குறைந்துவிடும். வேறு வழியில்லாதபோது அவற்றைத் தோலால் மூடி முத்திரையிட வேண்டும். கடைக்காரர் எதிர்பாராத வேளையில் எடைக்கற்களைச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். முன்னறிவிப்போடு செய்யும் சோதனை கடைக்காரரின் ஆயத்தத்தைத்தான் அளக்கும். அவருடைய அன்றாட நடத்தையை அளக்க வேண்டுமானால் அன்றாடத்தில் ஒரு நாளில்தான் போக வேண்டும்.

தொழில் செய்வோரையும் முஹ்தஸிப் சோதித்தார். கண் மருத்துவரை, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றி எழுதிய பத்துப் பகுதிகள் கொண்ட நூலில் கேள்விகள் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஷைஸரீயின் விதி. இதற்கு முன்பே, ஹிஜ்ரி 319இல், கி.பி. 931இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தேர்வு பெறாத எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என்று ஆணையிட்டார். தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. தலைநகரில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர் என இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்துள்ளார். முன்னரே புகழ் நிலைபெற்றவர்களுக்கு அத்தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அவரவர் தேர்ச்சிக்கு ஏற்ப, எவர் எந்தச் சிகிச்சை செய்யலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. தேறினார், தேறவில்லை என்று இரண்டாகப் பிரிப்பதோடு நில்லாமல், எதில் தேறினார் என்றும் கேட்ட தேர்வு அது.

நம் மதரஸாக்களில் வழங்கும் 'இஜாஸா'வும் இதே பண்புடையது. குறிப்பிட்ட ஓர் ஆசிரியர், குறிப்பிட்ட ஒரு மாணவருக்கு, குறிப்பிட்ட ஒரு நூலைக் கற்பிக்க அளிக்கும் அனுமதி அது. புகாரீயை ஓதிக்கொடுக்க இஜாஸா பெற்றவர், அதனாலேயே ஒரு நிறுவனத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் தகுதியைப் பெற்றுவிடுவதில்லை. ஓர் ஆலிமின் நிழற்படம் முதலீட்டு விளம்பரத்தில் இருக்கிறது என்றால், அவர் எதைப் பார்த்துச் சான்று அளித்தார் என்று கேட்பது அவருக்கு அவமரியாதை ஆகாது. இஜாஸாவின் மரபே அக்கேள்வியைக் கேட்கச் சொல்கிறது.

தூண்களருகே எழுபது பேர்

மதிப்பீட்டுக் கலையின் உச்சத்தை முஸ்லிம்கள் தொட்டது நபிமொழித் துறையில்தான். ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று 'அதாலத்', அதாவது நேர்மை. மற்றொன்று 'ளப்த்', அதாவது கேட்டதைக் கேட்டவாறே மனத்திலோ ஏட்டிலோ காத்து ஒப்படைக்கும் துல்லியம். ஒன்று இருந்தால் மற்றது இல்லாததை அது ஈடுசெய்யாது.

ஹிஜ்ரி 179இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியின் தூண்களருகே நபிமொழி அறிவிக்கும் எழுபது பேரைக் கண்டதாகவும், அவர்களுள் ஒருவரிடம் பைத்துல்மாலையே ஒப்படைத்தாலும் அவர் அமானிதம் காப்பார் எனினும், அவர்களிடமிருந்து தாம் எதையும் எடுக்கவில்லை என்றும் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் இத்துறைக்குரியவர்களாக இல்லை என்பதே காரணம். பொருளாளராக இருக்கத் தகுந்தவர், அறிவிப்பாளராக இருக்கத் தகுந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. உமர் (ரலி) அவர்கள் மறுபக்கத்திலிருந்து சொன்னதும் இதையேதான்.

சோதிக்கும் முறையும் பொருளுக்கேற்ப அமைந்தது. இமாம் புகாரீ (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது, நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை மாற்றிப் பிணைத்து, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக அவர் முன் ஓதிய நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஒவ்வொன்றுக்கும் "இதை நான் அறியேன்" என்றே சொல்லிவந்தவர், இறுதியில் முதலாமவரிலிருந்து தொடங்கி அவரவர் ஓதிய தவறான வடிவத்தையும் அதன் சரியான வடிவத்தையும் வரிசையாகச் சொன்னார். எத்தனை ஹதீஸ் தெரியும் என்று அவரிடம் கேட்டிருந்தால் ஓர் எண் கிடைத்திருக்கும். அவர்களோ எண்ணிக்கையைக் கேட்காமல், கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஹதீஸ் அறிஞர் ஒருவரிடம் சமுதாயம் எதிர்பார்ப்பது அதைத்தானே!

இலாபம் வந்தால் போதுமா?

இனி ஒப்பந்தத்திற்கு வருவோம். உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக்கிலிருந்து படையோடு திரும்பும் வழியில் பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல்மாலின் பணம் அவரிடம் இருந்தது. அதை அவர்களிடம் கடனாகக் கொடுத்து, இராக்கின் சரக்கை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்துவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுமாறு சொன்னார். அவ்வாறே செய்தனர், இலாபமும் வந்தது. முதல் ஒரு காசும் குறையவில்லை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று நாம் சொல்லியிருப்போம்.

உமர் (ரலி) அவர்களோ, படையிலிருந்த எல்லோருக்கும் இப்படிக் கடன் கொடுத்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், கலீஃபாவின் மக்கள் என்பதால்தான் கொடுத்திருக்கிறார். முதலையும் இலாபத்தையும் சேர்த்து ஒப்படையுங்கள் என்றார்கள். பணம் அழிந்திருந்தால் நாங்கள்தானே பொறுப்பேற்றிருப்போம் என்று உபைதுல்லாஹ் வாதிட்டார். அவையிலிருந்த ஒருவர், இதைக் 'கிராள்' எனும் கூட்டு வணிகமாக ஆக்கிவிடலாமே என்றார். அதன்படி முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்குச் சென்றன. மீதிப் பாதியை மக்கள் பெற்றனர். இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ள செய்தி இது. நல்ல விளைவு, செயலின் செல்லுபடிக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு வேண்டுமா?

கிராள் என்பதையே ஹனஃபீ நூல்கள் 'முளாரபா' என்கின்றன. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பகிர்கிறார்கள். உழைப்பவரிடம் அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாதபோது நட்டம் முதல் போட்டவரையே சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். இருவருள் எவரேனும், "இலாபம் எவ்வளவாயினும் எனக்கு இத்தனை திர்ஹம்" என்று குறிப்பிட்ட தொகையை நிபந்தனையாக்கினால் ஒப்பந்தம் செல்லாது. இதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இருப்பதாக இப்னுல் முன்திர் (ரஹ்) எழுதியுள்ளார். காரணம் எளிது. மொத்த இலாபமே அத்தொகை அளவுதான் என்றால் மற்றவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இலாபமே இல்லையென்றால் அத்தொகை முதலிலிருந்து வர வேண்டும். பங்காளிகள் என்ற உறவு அப்போதே முறிந்துவிடுகிறது.

குறையுள்ள ஒப்பந்தத்தை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் மத்ஹபுகள் வேறுபட்டன. ஷாஃபிஈ மத்ஹபில் கொடுக்கல் வாங்கல் ஒன்று ஸஹீஹ், அல்லது அது பாதில். 'ஃபாஸித்' என்பதும் பொதுவாக அதே பொருள்தான். ஹனஃபீகள் இடையில் ஒரு படி வைத்தார்கள். வேரிலேயே கோளாறு இருந்தால் பாதில். செத்த பிராணியை விற்பது போல. வேர் சரியாக இருந்து தன்மையில் கோளாறு இருந்தால் ஃபாஸித். பணம் தரும் தவணை தெரியாத விற்பனை போல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் ஷாஃபிஈ குடும்பங்களும் உள்நாட்டு ஹனஃபீ குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொள்ளும் நம் சமுதாயத்தில் இவ்வேறுபாடு ஒரே வீட்டிற்குள்ளும் இருக்கிறது. ஆனால் மாதம் இலட்சத்திற்கு இத்தனை ஆயிரம் என்று உறுதி தரும் 'முளாரபா' விஷயத்தில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைச் செல்லும் என்று சொல்ல எந்த மத்ஹபிலும் இடமில்லை.

நம் காலத்து அளவைகள்

இன்றைய மதிப்பீட்டு அறிவியலும் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தது. ஓர் அளவை எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை தருவது ஒரு பண்பு; அளப்பதாகச் சொன்னதையே அளப்பது வேறொரு பண்பு. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவாக உள்ள எடைக்கல் நாள் முழுவதும் ஒரே விடையைத்தான் தரும். அதன் மாறாமை அதன் உண்மைக்குச் சாட்சி அன்று. மனத்தில் மறைந்துள்ள பண்பை அளப்பதாகச் சொல்லும் தேர்வு மெய்யாகவே அதைத்தான் அளக்கிறதா என்பதை எப்படி நிறுவுவது என்று 1955இல் க்ரான்பாக், மீல் எனும் இரு அமெரிக்க அறிஞர்கள் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல்.

வணிக உலகம் இதைப் பல தடவை மறந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரும் வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் ஃபார்கோ, ஒரு வாடிக்கையாளரை எட்டுச் சேவைகளில் சேர்ப்பது என்பதைத் தன் வணிக இலக்காக வைத்திருந்தது. கணக்குகளின் எண்ணிக்கை கூடினால் வாடிக்கையாளரின் நம்பிக்கை கூடியிருக்கிறது என்பது அதன் உட்கருத்து. எண்ணிக்கை கூடியது. ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே ஊழியர்கள் கணக்குகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். 2016 செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்ட செய்தியும் வெளிவந்தது. எண்ணிக்கை இலக்காகிவிட்ட அன்றே அது சாட்சியாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது.

இஸ்லாமிய நிதித்துறையும் இதற்கு விலக்கன்று. 2007இன் இறுதியில் முஃப்தி தகீ உஸ்மானீ அவர்கள், சந்தையில் இருந்த ஸுகூக் பத்திரங்களுள் பெரும்பாலானவை ஷரீஅத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்று கூறியபோது உலகச் சந்தையே அதிர்ந்தது. பெயர் பங்குரிமை, ஆனால் சொத்தின் அன்றைய மதிப்பு எதுவாயினும் போட்ட முதலையே திருப்பித் தருவதாக வாக்குறுதி. 2008 பிப்ரவரியில், பஹ்ரைனில் இயங்கும் தர நிர்ணய அமைப்பின் ஷரீஅத் குழு இதைத் திருத்துவதற்கான நெறிகளை வெளியிட்டது. சான்றளித்தவர்களின் துறையிலேயே ஓர் ஆலிம் எழுந்து, கையை உள்ளே விட்டு ஈரத்தைக் காட்டினார். அதுவும் ஹிஸ்பாவின் தொடர்ச்சிதான்.

நம் வீடுகளுக்கு

ஆகவே, யாரேனும் ஒரு தொழிலில் பணம் போடச் சொல்லி நம் வீட்டுக்கு வரும்போது, தந்தையும் தாயும் மக்களும் கூடி உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். இந்தப் பணம் எந்தச் சரக்கில், எந்தத் தொழிலில் போகிறது? நட்டம் வந்தால் யாருக்கு? இலாபம் விகிதமாகப் பேசப்பட்டதா, தொகையாகவா? கணக்கை அந்நிறுவனத்தைச் சாராத ஒருவர் பார்க்கிறாரா? பணம் திரட்ட அரசு அனுமதி இருக்கிறதா? பரிந்துரைப்பவர் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்து அறிந்தவரா, அல்லது பள்ளிவாசலில் பார்த்தவரா? மாதந்தோறும் பணம் வருகிறது என்பதை இக்கேள்விகளுள் எதற்கும் விடையாக ஏற்கக் கூடாது. புதியவரின் முதலைப் பழையவருக்கு இலாபமாகக் கொடுத்தாலும் மாதந்தோறும் பணம் வரும்.

இவ்வாறு கேட்பது நல்லெண்ணத்திற்கு முரணானது, ஒரு முஸ்லிமைச் சந்தேகிப்பது பாவம் என்று சிலர் தயங்குகிறார்கள். ஆதாரமின்றி ஒருவர் மீது பழி சுமத்துவதுதான் தடுக்கப்பட்டது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை வைப்பதையும் பற்றியது. அது அருளப்பட்டது நபித்தோழர்கள் வாழ்ந்த காலத்தில். அவர்களைவிட ஒருவரையொருவர் நம்பிய சமுதாயம் எது? அவர்களுக்கே எழுத்தும் சாட்சியும் கட்டளையிடப்பட்டிருக்க, நமக்கு மட்டும் அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

விற்பவரானாலும் வாங்குபவரானாலும், முதல் போடுபவரானாலும் உழைப்பவரானாலும், நம் ஒப்பந்தங்களையும் நம் அளவைகளையும் நோயற்றவையாக ஆக்கிக்கொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இழந்த குடும்பங்களுக்கு ஹலாலான வழியில் ஈடு வழங்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.